ஆர்க்கிட் பூக்காமல் குட்டி போடுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைச் சமவெளி, தெற்கே மார்த்தாண்டம், செங்கோட்டை, மேலே குமுளி, பீர்மேடு, மூணாறு என்று எல்லைப் பக்கத்து ஊர்களில் வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் மார்கழி தொடங்கி மாசி வரை கேட்கும் கேள்விகள் இவை. மண்ணுத்தி நர்சரியில் பூவோடு வாங்கிய செடி, அடுத்த வருஷம் பூ வர வேண்டிய கணுவில் இலையும் வேருமாகக் குட்டிச் செடி விடுகிறது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இந்தக் குட்டியைக் ‘கீக்கி’ என்பார்கள். செடி என்ன வகை, வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் யார் சொல்லும் வைத்தியமும் குத்துமதிப்புதான். அதனால் பதில்களை வகைவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்திருக்கிறோம்.

கணுவில் குட்டி முளைப்பது நோயா?

நோயில்லை. ஆர்க்கிட் தண்டின் கணுக்களில் உறங்கும் மொட்டுகள் உண்டு. அவை பூவாகலாம், இலைத்தளிராகலாம், கடைசிவரை உறங்கியே போகலாம். எது நடக்கும் என்பது வெப்பம், தண்ணீர், வெளிச்சம், வேரின் நிலை, உரம் இவற்றைப் பொறுத்துப் பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தை மாசம் குட்டியைப் பார்த்தால், ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செடிக்கு என்ன தண்ணீர் விட்டோம், எங்கே வைத்திருந்தோம் என்று யோசியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தொட்டியின் மட்டத்தில், பழைய தண்டின் அடியிலிருந்து வரும் தளிர் கீக்கி அல்ல. அது டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் வழக்கமான புதுத் தண்டு. அதைக் கிள்ளிவிட்டு ‘குட்டியை எடுத்துவிட்டேன்’ என்று எழுதுபவர்கள் உண்டு. கிள்ளியது அடுத்த பருவத்துப் பூத்தண்டு.

மொட்டா, குட்டியா? ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முதல் பத்து நாள் கஷ்டம். அதன் பிறகு தெரியும். நோபிலே வகை டென்ட்ரோபியத்தில் பூமொட்டு கணுவில் உருண்டையாகப் பருக்கும். ஒரே கணுவில் இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும், நுனி மழுங்கலாக இருக்கும். குட்டி ஒற்றையாக, கூர்மையாக, தண்டை ஒட்டி மேல்நோக்கி வரும். கொஞ்ச நாளில் கூர் இரண்டாகப் பிளந்து இலை தெரியும். அடியில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது வேர், சந்தேகமே வேண்டாம்.

தண்டில்லாத, அகல இலை ஆர்க்கிட்டான ஃபெலனாப்சிஸில் பூக்கொத்தின் கணுவை மூடியிருக்கும் செதிலைத் தள்ளிக்கொண்டு வருவது மெல்லிய, உருண்ட காம்பாக இருந்தால் கிளைக்கொத்து. தட்டையாக, எதிரெதிரே இரண்டு இலை விரித்தால் குட்டி.

என்னுடையது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயர்ச்சீட்டு இல்லை.

பூ எங்கே வந்தது என்று நினைவுபடுத்துங்கள். சதைப்பற்றான தண்டின் நெடுக, கணுவுக்குக் கணு, சின்னக் காம்பில் பூ வந்திருந்தால் நோபிலே வகை. தண்டின் உச்சியிலிருந்து ஒரு அடிக்கு மேல் நீண்ட கொத்து வளைந்து வந்து, அதில் வரிசையாகப் பூ இருந்தால் ‘டென்-ஃபெல்’ எனப்படும் வகை. கடையில் ‘சோனியா’ என்று விற்கும் ஊதா வெள்ளைப் பூ இந்தக் குடும்பம். தண்டே இல்லாமல் அகலமான நாலைந்து இலை மட்டும் இருந்தால் ஃபெலனாப்சிஸ். ஒற்றைத் தண்டு மேலே மேலே வளர்ந்து, வார்ப்பட்டை மாதிரி இலைகள் இரு பக்கமும் அடுக்கியிருந்து, தடித்த வேர் வெளியே தொங்கினால் வாண்டா அல்லது மொகாரா.

முதல் இரண்டையும் பிரித்தறிவது முக்கியம், இரண்டும் டென்ட்ரோபியம் என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால். நோபிலேயின் தாய்நாடு இமயமலை அடிவாரம். சிக்கிமின் மாநில மலர் அது. அங்கே மழைக்காலம் முடிந்ததும் குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும். டென்-ஃபெல் வகையின் முக்கிய மூதாதை, ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் மலராக இருக்கும் டென்ட்ரோபியம் பிக்கிப்பம். வெப்ப நாட்டுச் செடி. குளிர் கேட்காது. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் இரண்டும் கெடும்.

கொழிஞ்சாம்பாறையில் நோபிலே வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் குட்டிதான். என்ன செய்தால் பூக்கும்?

நேராகவே சொல்லிவிடுகிறோம்: சமவெளியில் நோபிலேயைப் பூக்க வைப்பது நஷ்டக் கணக்கு. மொட்டுக் கட்ட அதற்குத் தொடர்ந்து நாலு முதல் ஆறு வாரம், இரவு வெப்பம் 15 டிகிரியை ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பாலக்காட்டுச் சமவெளியில் மார்கழி இரவிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. மொட்டு உருவாகும் நிலைக்கு வந்த கணு, குளிர் கிடைக்காமல் இலைத்தளிராகத் திரும்பிவிடுகிறது. ஃபிரிஜ்ஜில் வைக்கலாமா, ஐஸ் தண்ணீர் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். ஐஸ் தண்ணீர் வேரைச் சுடும், காற்று வெப்பம் மாறாது. ஃபிரிஜ்ஜில் வெளிச்சமே கிடையாது.

நெல்லியாம்பதி, மூணாறு, வால்பாறைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஐப்பசிக் கடைசியில் தொட்டியை அங்கே கொடுத்து, மொட்டுத் தெரிந்ததும் திரும்ப வாங்கி வரலாம். அது நடக்கக்கூடிய வழி. முடியாதவர்கள் நோபிலேயை அங்கேயே தானமாகக் கொடுத்துவிட்டு டென்-ஃபெல், மொகாரா, வாண்டா பக்கம் வந்துவிடலாம். பாலக்காட்டு வெயிலில் அவைதான் குணமாக வளரும்.

நாங்கள் மலையில்தான் இருக்கிறோம், குமுளிப் பக்கம். இங்கேயும் நோபிலே குட்டிதான் போடுகிறது.

குளிர் கிடைக்கும் இடத்தில் குட்டி வந்தால் முதல் சந்தேகம் தண்ணீர்மேல். இடுக்கி மலைகளில் ஐப்பசி, கார்த்திகையில் துலாமழை (வடகிழக்குப் பருவமழை) விடாது. திறந்த வெளியில் தொங்கும் நோபிலே அந்த மழை முழுவதையும் குடிக்கும். ஊரில் குளிர் வந்துவிட்டது, செடிக்கோ வளர்பருவம் இன்னும் முடியவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அக்டோபர் பாதியில், அந்த வருஷத் தண்டின் உச்சியில் கடைசி இலை விரிந்து வளர்ச்சி நின்றிருக்கும். அப்போதே செடியை மழை படாத, ஆனால் காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள். ஓட்டு இறவாணத்துக்கு அடியில், கிழக்குப் பார்த்த சுவர் என்றால் மிக நல்லது. உரம் முழுதாக நிறுத்தம். தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை, தண்டு சுருங்கிப்போகாத அளவுக்கு மட்டும். தண்டில் லேசாக வரி விழுந்தால் பரவாயில்லை. இலை மஞ்சளாகி உதிரும், அதுவும் சரிதான். ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வைக்காதீர்கள். அந்தக் குளிருக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

பலர் சறுக்குவது கடைசிக் கட்டத்தில். ஜனவரியில் கணு பருக்கத் தொடங்கியதும் சந்தோஷத்தில் தண்ணீரும் உரமும் ஊற்றிவிடுவார்கள். மொட்டு இன்னும் முடிவாகாத நிலையில் தண்ணீர் கிடைத்தால் பருத்த கணு குட்டியாகத் திரும்பும். ஒவ்வொரு மொட்டும் தனித்தனி உருண்டையாக, காம்போடு பிரிந்து தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு தண்ணீரை மெல்ல மெல்லக் கூட்டலாம்.

பீர்மேடு சுமார் 900 மீட்டர், மூணாறு சுமார் 1500 மீட்டர். மூணாறில் குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். உறைபனி விழும் இரவுகளில் மட்டும் கூரைக்கு அடியில் இருந்தால் போதும். பீர்மேடு, குமுளி, வண்டிப்பெரியாறு உயரத்தில் குளிர் எல்லைக்கோட்டில் நிற்கும். சில வருஷம் பூ, சில வருஷம் பூவும் குட்டியும் கலந்து வரும். தொங்கும் இடத்தில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் காட்டும் வெப்பமானி ஒன்றை மாட்டி மார்கழி முழுக்கக் குறித்து வைத்தால், உங்கள் வீட்டு இடம் தேறுமா என்று தெரிந்துவிடும். ஒரே வீட்டில் அடுப்படிச் சுவருக்கும் வெளி வேலிக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கும்.

சாணக் கரைசல், கடலைப் பிண்ணாக்கு ஊறல் ஊற்றுகிறோம். அதனால்தான் குட்டியா?

ஓரளவு. சாணம், கோமியம், பிண்ணாக்கு, மீன் அமிலம் எல்லாமே நைட்ரஜன் மிகுந்தவை. பங்குனி முதல் ஆடி வரை, அதாவது தண்டு வளரும் காலத்தில், அவை நல்லது. அதையே கார்த்திகை வரை இழுத்தால் செடி வளர்ச்சியை நிறுத்தாது. ஆனால் எல்லாப் பழியையும் உரத்தின்மேல் போடுவது பாதி உண்மைதான். போதுமான குளிர் கிடைத்த நோபிலே, கொஞ்சம் உரம் மிஞ்சினாலும் பூத்துவிடும். குளிர் கிடைக்காத செடிக்கு உரத்தை நிறுத்திப் பட்டினி போட்டாலும் பூ வராது.

அளவு கேட்பவர்களுக்கு: வளர்பருவத்தில் 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் சம அளவு) லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், வாரம் ஒரு முறை. நோபிலேக்கு ஆகஸ்ட் கடைசியோடு அதை நிறுத்தி, செப்டம்பரில் நைட்ரஜன் இல்லாத 0:52:34 உரம் லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மொத்தம் இரண்டு மூன்று தடவை. அதோடு சரி. ‘பூ உரம்’ ஊற்றினால் பூத்துவிடும் என்று நம்ப வேண்டாம். பாஸ்பரஸ் எவ்வளவு ஊற்றினாலும் குளிருக்கு ஈடாகாது.

பிண்ணாக்கு ஊறல் கொடுப்பவர்கள் தெளிவை மட்டும் வடித்து, பத்து மடங்குக்கு மேல் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். அடிமண்டி, தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடும் கரித்துண்டுகளுக்கு இடையே போய் அடைத்து வேரை அழுகவைக்கும். அப்படி வேர் அழுகினால் வேறு காரணத்தால் குட்டி வரும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

மார்த்தாண்டத்தில் சோனியா டென்ட்ரோபியம். பழைய தண்டுகளின் உச்சியில் குட்டியாக வருகிறது, புதுத் தண்டு வரவே இல்லை. குளிர்தான் தேவை இல்லையே, பிறகு ஏன்?

இந்த அறிகுறி கிட்டத்தட்ட எப்போதும் வேரைக் காட்டுகிறது. டென்-ஃபெல் வகையில் வேர் அழுகினால் அடியிலிருந்து புதுத் தண்டு வர வழியில்லை. தண்டில் சேமித்த சத்தைக் கொண்டு உச்சிக் கணுவில், ஈரத்துக்கும் அழுகலுக்கும் எட்டாத உயரத்தில், குட்டியை விடுகிறது. அந்தக் குட்டி தன் வேரைக் காற்றிலேயே விட்டுப் பிழைத்துக்கொள்ளும். தாய் போய்விடும்.

தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக, வெள்ளையாக இருக்கும். தண்ணீர் பட்டால் பச்சையாகும், நுனி பளபளக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நூல் ஒன்று மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் தொட்டி மாற்றியே ஆக வேண்டும்.

குமரிப் பக்கம் இதற்கு முக்கியக் காரணம் தொட்டியில் போடும் தேங்காய்த் தொண்டு, அதாவது தேங்காய் உரித்த மட்டை. முதல் வருஷம் அருமையாக இருக்கும். இரண்டு இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) கண்டதும் நைந்து, பிழிந்தால் சொட்டும் நிலைக்கு வந்துவிடும். மழை அதிகமுள்ள இடத்தில் தொண்டைத் தவிர்த்து, ஓட்டுத் துண்டும் கரியும் மட்டும் போடுங்கள், இரண்டும் பெருவிரல் நுனி அளவுத் துண்டுகளாக. கரியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிச் சாம்பல் போக்கிய பிறகே போட வேண்டும். தொண்டுதான் கிடைக்கிறது என்றால் ஒரு வாரம் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, கறை வடிந்த பிறகு போடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் கதை வேறு. அங்கே போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தொட்டி ஓரத்திலும் வேர்மேலும் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் வேர் நுனி கருகுவது அதனால்தான். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் உரமில்லாத நல்ல தண்ணீரைத் தொட்டி வழிய வழிய ஊற்றிக் கழுவுங்கள்.

தொட்டி மாற்றும் முறை: செடியை இருபது நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்தால் ஒட்டிய வேர் இளகும். அழுகியதை வெட்டுங்கள், நல்ல வேரைத் தொடாதீர்கள். கார்பெண்டசிம், மேன்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நிமிஷம் முக்கி எடுத்து, நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். புதுத் தொட்டி சின்னதாக, வேர்க்கட்டைவிட நாலு விரல் மட்டும் அகலமாக, பக்கமெல்லாம் துளையோடு இருக்க வேண்டும். ‘வளரட்டும்’ என்று பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் காயாது, மறுபடி அதே அழுகல். தண்டை ஒரு குச்சியில் அசையாமல் கட்டுங்கள்; ஆடும் செடியில் புது வேர் நுனி உராய்ந்து நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் வேண்டாம், இலையில் தெளித்தால் போதும்.

வேர் நன்றாக இருந்தும் பூவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. இலை கரும்பச்சையாக, நீளமாக, தொங்கலாக இருந்தால் நிழல் அதிகம். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, இலை கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் அளவு வெளிச்சம் இதற்குத் தேவை.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது: செழிப்பான சோனியாவில் மிகப் பழைய தண்டு ஒன்றிரண்டில் குட்டி வந்து, புதுத் தண்டுகளில் பூவும் வந்தால் அது இயல்பு. எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

ஃபெலனாப்சிஸ் பூக்கொத்து விட்டது, பாதி வளர்ந்த பிறகு நுனியில் இலை வந்துவிட்டது. எப்படி?

வெப்பம் ஏறியதால். ஃபெலனாப்சிஸில் கொத்து உருவாக, பகல் வெப்பம் சில வாரங்களாவது 25, 26 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். 28, 29 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலையாக விட்டுக்கொண்டிருக்கும். குளுமையில் கொத்து விட்டு, அது பூ கட்டுவதற்கு முன் மாசி வெயில் வந்தால் கணுவிலோ நுனியிலோ குட்டியாகத் திரும்புகிறது.

இரவில் ஏசி அறையில் வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். பகலில் 29 டிகிரி இருந்தால் இரவுக் குளிர் மட்டும் நம்பகமாக வேலை செய்யாது. இந்தச் செடி பகல் வெப்பத்தைத்தான் அதிகம் கணக்கில் எடுக்கிறது. நம் மேற்குக் கரைப் பக்கம் பகல் வெப்பம் குறைவது மார்கழியைவிட ஆனி, ஆடி மழையில்தான். அந்த மாதங்களில் செடியை மழை படாமல், வடக்கு ஜன்னல் ஓரம், காற்றோட்டமாக, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். சமவெளிக்காரர்களுக்கு உள்ள சிறந்த வாய்ப்பு அது.

இலைக்கட்டின் நடு அழுகிப்போய், அதன் பிறகு அடியிலிருந்து குட்டி வந்தால் அது தாயின் கடைசி முயற்சி. அந்தக் குட்டியைப் பிரிக்காதீர்கள். தாயின் வேரிலேயே வளரட்டும். நடுக்குழியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

வாண்டா, எபிடென்ட்ரம், ஆன்சிடியம்?

வாண்டாவில் உச்சி அழுகினாலோ தண்டு மிக உயர்ந்து கீழிலை உதிர்ந்தாலோ அடிப்பக்கம் குட்டி வரும். மூன்று நாலு வேர் ஒரு சாணுக்கு நீளும் வரை எடுக்க வேண்டாம். மூணாறு, ஊட்டித் தோட்டங்களில் தரையிலேயே வளரும் சிவப்பு, ஆரஞ்சு எபிடென்ட்ரம் பூத்து முடிந்த தண்டில் குட்டி விடுவது அதன் குணம். அதற்குக் காரணம் தேட வேண்டாம், கேட்பவர்களுக்குப் பிய்த்துக் கொடுங்கள். ஆன்சிடியத்தின் பூக்காம்பில் எப்போதாவது வரும்.

குட்டியை வெட்டி எறிந்தால் அதே கணுவில் பூ வருமா?

வராது. அந்தக் கணுவின் கதை முடிந்தது. அதே தண்டில் உறங்கும் மற்றக் கணுக்கள் பின்னால் பூக்கலாம், குட்டியை வெட்டியதால் அல்ல. தாய் மெலிந்து, ஐந்தாறு குட்டி தொங்கினால் இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம்.

எப்போது, எப்படிப் பிரிப்பது?

குறைந்தது மூன்று வேர், ஒவ்வொன்றும் 5 முதல் 7 சென்டிமீட்டர், கூடவே இரண்டு மூன்று இலை. இலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேர் இல்லாவிட்டால் பிரிக்கக் கூடாது. ரொம்ப நாள் விட்டாலும் தொல்லை: வேர் ஒரு அடி நீண்டு விறைத்துவிட்டால் தொட்டிக்குள் மடக்கும்போது ஒடியும். ஒடியாமல் வளைக்க அரை மணி தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

காலம் வைகாசிக் கடைசி முதல் ஆவணி வரை. பாலக்காட்டுக் கணவாயில் கார்த்திகை முதல் மாசி வரை வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் பிரித்தால், சின்ன வேர் அரை நாளில் சருகாகும்.

பிளேடை நெருப்பில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு செடிக்கும் புதிதாகக் காட்டி. ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ்கள் கத்தி வழியாகத்தான் சுலபமாகப் பரவுகின்றன, அவற்றுக்கு மருந்து கிடையாது. டென்ட்ரோபியத்தில் குட்டி தண்டோடு ஒட்டும் கழுத்தில் வெட்டலாம். பழைய தண்டு காய்ந்ததாக இருந்தால் குட்டியின் இரு பக்கமும் ஒரு அங்குலம் தண்டையும் சேர்த்து எடுப்பது இன்னும் பத்திரம். ஃபெலனாப்சிஸிலும் காம்பில் இரு பக்கமும் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டுவாயில் பட்டைத்தூள் வையுங்கள். சமையலறைப் பட்டை போதும், ஆனால் வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும்.

மூன்று அங்குலத் தொட்டி, சின்னக் கரித்துண்டு, ஓட்டுத் துண்டு. வேர் மட்டும் உள்ளே, இலைக்கட்டின் கழுத்து துண்டுகளுக்கு மேலே. குச்சியில் கட்டுங்கள். மூன்று வாரம் நல்ல நிழல், தினம் காலையும் மதியமும் தெளிப்பு, மாலைக்குள் இலை காய வேண்டும். புது வேர் நுனி பச்சையாகத் தெரிந்ததும் 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை.

குட்டி பெரிதாகிவிட்டது, வேரே வரவில்லை.

காற்றில் ஈரம் போதவில்லை. குட்டியின் அடியில் ஈரமான தென்னை நாரைத் தளர்வாகச் சுற்றி, நூலால் கட்டி, தினம் தெளித்து வாருங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் அழுகும். மழைக்காலம் பிறந்தால் பெரும்பாலும் தானே வேர் விடும்.

நட்ட குட்டி ஒரு மாசத்தில் அழுகிவிட்டது.

பெரும்பாலும் கழுத்துவரை புதைத்திருப்பீர்கள், அல்லது நனைந்த தொண்டில் நட்டு விடாமழையில் வைத்திருப்பீர்கள். அழுகல் இல்லாமல் வேர் நுனி மட்டும் காணாமல் போயிருந்தால் நத்தை. கரித்துண்டு அளவே இருக்கும் சின்ன நத்தைகள் பகலில் தொட்டிக்குள் ஒளிந்து ராத்திரி வேர் நுனியைத் தின்னும். மாலையில் வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டிமேல் வைத்து, இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

எத்தனை நாளில் பூக்கும்? தாயின் நிறமே வருமா?

டென்ட்ரோபியம் ஒன்றரை முதல் இரண்டு வருஷம், ஃபெலனாப்சிஸ் இரண்டு மூன்று வருஷம், வாண்டா அதற்கும் மேல். குட்டி தாயின் நகல், எனவே பூவும் அதேதான். தாயிடம் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். இலையில் கறுப்புக் கோடு, குழிந்த திட்டு உள்ள செடியிலிருந்து குட்டி எடுக்காதீர்கள்.

வேண்டுமென்றே குட்டி உண்டாக்க முடியுமா? இளநீர் தெளித்தால் வரும் என்கிறார்களே?

டென்ட்ரோபியத்தில் சுலபம். இலை உதிர்ந்த, பூத்து முடிந்த, ஆனால் இன்னும் பச்சையாக இருக்கும் பழைய தண்டை மூன்று நாலு கணுவுள்ள துண்டுகளாக வெட்டி, முனைகளை ஒரு நாள் காயவிட்டு, ஈரமான தென்னை நார்மேல் படுக்கவைத்து, மூடி லேசாகத் திறந்த பெட்டியில் நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாசத்தில் சில கணு முளைக்கும். எல்லாம் முளைக்காது. தாயிடம் குறைந்தது மூன்று நாலு தண்டாவது மிஞ்ச வேண்டும், அவற்றில்தான் அதன் சேமிப்பு இருக்கிறது.

ஃபெலனாப்சிஸுக்கு ‘கீக்கி பேஸ்ட்’ விற்கிறார்கள். அதில் இருப்பது சைட்டோகைனின் வகை ஹார்மோன், பெரும்பாலும் பென்சைல் அடினைன். கணுவின் செதிலை நுனிக்கத்தியால் நீக்கி, உள்ளே பச்சை மொட்டில் குண்டூசித் தலை அளவு தடவினால் போதும். அதிகம் தடவினால் ஒரே கணுவில் கொத்தாக, வேரில்லாத ஊனக் குட்டிகள் வரும்.

இளநீரிலும் சைட்டோகைனின் உண்டு, திசு வளர்ப்புக் கூடங்களில் அதனால்தான் சேர்க்கிறார்கள். அங்கே எல்லாம் கிருமி நீக்கிய குப்பிக்குள் நடக்கிறது. வீட்டுச் செடியில் தெளித்தால் முதலில் வருவது எறும்பு, அடுத்தது மாவுப்பூச்சியும் கரும்பூசணமும். குடித்துவிடுங்கள்.

மரத்தில் வளரும் காட்டு ஆர்க்கிட்டிலிருந்து குட்டியை மட்டும் எடுத்து வரலாமா?

கூடாது. வனப்பகுதியிலிருந்து செடியோ குட்டியோ எடுப்பது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குற்றம். சொந்தத் தோட்டத்து மாமரத்திலோ பலாவிலோ நரிவால் போலக் கொத்து தொங்கும் ரிங்கோஸ்டைலிஸ் இருந்தால் அதை அங்கேயே விடுங்கள்; மரத்தில் ஒட்டிய வேரைப் பிரித்தெடுத்தால் பெரும்பாலும் பிழைக்காது. மரம் விழுந்தால் கிளையோடு சேர்த்து அறுத்து, அதே கிளைத்துண்டைப் பக்கத்து மரத்தில் கட்டுங்கள். அடுத்த மழை முடிவதற்குள் வேர் புது மரத்துக்குத் தாவும்.